வழி மறந்த ஊர்

1980-ல் தொடங்கிய யூஸ்நெட் செய்திக்குழுக்கள் ஓய்ந்தது எப்படி? இன்றும் அங்கே போய்ச் சேர என்ன வழி?

2010 மே 20. அமெரிக்காவின் வட கரோலினா மாநிலம், டர்ஹம் நகரில் உள்ள டியூக் பல்கலைக்கழகம் தன்னிடமிருந்த ஒரு சர்வரை நிறுத்தியது. பயன்படுத்துவோர் குறைந்துவிட்டார்கள், செலவு கூடிவிட்டது என்று காரணம் சொன்னது. எந்தக் கல்லூரியிலும் நடக்கக்கூடிய சாதாரணச் சங்கதிதான். ஆனால் அந்த சர்வர், பலர் கூடிப் பேசும் செய்திக்குழுக்களின் வலையான யூஸ்நெட்டுக்கானது. யூஸ்நெட் பிறந்ததே அந்தப் பல்கலைக்கழகத்தில்தான். பிறந்த வீட்டிலேயே அதற்கு விளக்கணைத்துவிட்டார்கள்.

பதினான்கு ஆண்டுகள் கழித்து, 2024 பிப்ரவரி 22 அன்று இன்னொரு கதவு சாத்தப்பட்டது. பிரவுசரில் கூகுள் குரூப்ஸ் வழியாகச் செய்திக்குழுக்களுக்குப் போய்வந்தவர்களால் அன்றுமுதல் அங்கே எதையும் எழுத முடியவில்லை. பிறர் எழுதிய புதிய பதிவுகளும் வரவில்லை. பழைய பதிவுகளை மட்டும் தேடிப் படிக்கலாம். யூஸ்நெட்டில் பேச்சு அருகிவிட்டது, வருவதில் பெரும்பகுதி குப்பையும் கோப்புகளும்தான் என்று கூகுள் விளக்கம் தந்தது. யூஸ்நெட்டின் கதை முடிந்தது என்றே பலர் நினைத்துக்கொண்டார்கள்.

முடியவில்லை. ஊர் அங்கேயேதான் இருக்கிறது. பெரும்பாலானோர் போய்வந்த ஒரு பாதை அடைபட்டிருக்கிறது, அவ்வளவுதான். வேறு பாதைகள் உண்டு என்பதே மறந்துபோகும் அளவுக்கு அந்த ஒரு பாதையை எல்லாரும் நம்பியிருந்தார்கள். இந்த ஊரின் கதையில் நாம் கவலைப்பட வேண்டியது அந்த மறதியைப் பற்றித்தான்.

இரவில் பேசிக்கொண்ட கணிப்பொறிகள்

1979-ல் டியூக்கில் படித்துக்கொண்டிருந்த டாம் ட்ரஸ்காட், ஜிம் எல்லிஸ் என்ற இரண்டு மாணவர்களுக்கு ஓர் ஏக்கம் இருந்தது. பெரிய பல்கலைக்கழகங்கள் பலவும் ஆர்ப்பாநெட் என்ற வலையில் இணைந்திருந்தன. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் ஓடிய வலை அது. அரசு ஆய்வுத் தொடர்பு இருந்தால்தான் உள்ளே இடம். டியூக்கிடம் அது இல்லை. இருந்தவை ஒரு யூனிக்ஸ் கணிப்பொறி, ஒரு தொலைபேசி இணைப்பு, ஒரு மோடம்.

ஒரு கணிப்பொறி இன்னொன்றைத் தொலைபேசியில் அழைத்துக் கோப்புகளைக் கைமாற்றிக்கொள்ளும் வசதி யூனிக்ஸில் அப்போதுதான் வந்திருந்தது. அதை வைத்தே ஊர்விட்டு ஊர் செய்தி அனுப்பினால் என்ன என்று யோசித்தார்கள். பக்கத்து ஊரான சேப்பல் ஹில்லில் இருந்த வட கரோலினா பல்கலைக்கழக மாணவர் ஸ்டீவ் பெல்லோவின் முதல் நிரலை எழுதிப் பார்த்தார். 1980-ல் விஷயம் வெளியுலகுக்குத் தெரிந்தது. ஏழைகளின் ஆர்ப்பாநெட் என்று பெயர் வாங்கியது. நாளொன்றுக்கு ஒன்றிரண்டு பதிவுகள் வந்தாலே அதிகம் என்பது கட்டியவர்களின் கணக்கு.

இது வேலை செய்யும் விதத்தை ஏரிகளைப் பார்த்து வளர்ந்தவர்களுக்கு எளிதாகச் சொல்லிவிடலாம். மேலூர் ஏரி நிரம்பினால் கலிங்கு வழியே வழிந்து அடுத்த ஊர் ஏரிக்குப் போகும். அது நிரம்பினால் அதற்கடுத்த ஊருக்கு. எல்லா ஊருக்கும் சேர்த்து ஒரே பெரிய அணை கிடையாது. யூஸ்நெட்டும் அப்படித்தான். என் சர்வரில் நான் எழுதிய பதிவு பக்கத்து சர்வருக்குப் போகும், அங்கிருந்து அதன் பக்கத்து சர்வர்களுக்கு. ஒரே ஒரு வேறுபாடு: வழிந்த நீர் மேல் ஏரியில் இருக்காது. பதிவோ போன இடத்திலும் இருக்கும், புறப்பட்ட இடத்திலும் இருக்கும். தான் கடந்துவந்த ஒவ்வொரு சர்வரின் பெயரும் அதன் தலைப்பில் 'பாத்' என்ற வரியில் ஏறிக்கொண்டே வரும். வந்த இடத்துக்கே திரும்பிப் போகாமல் இருக்க அந்த ஏற்பாடு.

ஆரம்ப ஆண்டுகளில் கட்டணம் குறைந்த இரவு நேரத்தில்தான் கணிப்பொறிகள் ஒன்றையொன்று அழைக்கும். ஓர் ஊரில் எழுதிய கேள்வி நாட்டின் மறுகோடிக்குப் போய்ச் சேர ஒருநாளோ சில நாள்களோ ஆகும். பதில் வர இன்னும் சில நாள். 1986-ல் பிரையன் கான்டரும் ஃபில் லாப்ஸ்லியும் என்.என்.டி.பி. என்ற நெறிமுறையை வகுத்துத் தந்த பிறகு, இணையத்தின் வழியே பதிவுகள் உடனுக்குடன் பாயத் தொடங்கின. அதே சமயத்தில் குழுக்களுக்குப் பெயர் வைக்கும் முறையும் ஒழுங்குக்கு வந்தது. கணிப்பொறிக்கு 'காம்ப்', அறிவியலுக்கு 'சை', பொழுதுபோக்குக்கு 'ரெக்', சமூகத்துக்கு 'சோக்', விவாதத்துக்கு 'டாக்' என்று தெருப்பெயர்கள் வந்தன. அந்த ஒழுங்கு பிடிக்காதவர்கள் 1987-ல் 'ஆல்ட்' என்று தனித்தெரு போட்டுக்கொண்டார்கள். அதற்கும் யாரும் அனுமதி வாங்க வேண்டியிருக்கவில்லை.

1991 ஆகஸ்ட்

இந்த ஊர் என்ன கொடுத்தது என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு மாதத்தைக் காட்டினால் போதும்.

1991 ஆகஸ்ட் 6. 'ஆல்ட்.ஹைப்பர்டெக்ஸ்ட்' குழுவில் ஒருவர், பல இடங்களில் கிடக்கும் தகவல்களை ஒன்றோடொன்று இணைக்க யாராவது முயற்சி செய்கிறார்களா என்று கேட்டிருந்தார். ஜெனீவாவுக்கு அருகே செர்ன் ஆய்வகத்தில் இருந்த டிம் பெர்னர்ஸ்-லீ அதற்குப் பதில் எழுதினார். தான் செய்துகொண்டிருக்கும் திட்டத்தைச் சுருக்கமாக விளக்கி, முயன்று பார்க்க விரும்புவோரை அழைத்தார். அந்தத் திட்டத்தின் பெயர் வேர்ல்டு வைடு வெப்.

ஆகஸ்ட் 19. மாஸ்கோவில் சோவியத் அதிபர் கொர்பச்சேவைக் கவிழ்க்க ராணுவச் சதி நடக்கிறது. தொலைக்காட்சியில் பாலே நடனம் ஓடிக்கொண்டிருக்கிறது. அங்கே ரெல்காம் என்ற கணிப்பொறி வலை தொடங்கி ஓராண்டுதான் ஆகியிருந்தது. டெமோஸ் என்ற கூட்டுறவு நிறுவனத்தின் கணிப்பொறியாளர்கள் அதன் வழியே தெருவில் நடப்பதை எழுதி அனுப்புகிறார்கள். ஃபின்லாந்து வழியாக அவை செய்திக்குழுக்களுக்கு வந்து உலகெங்கும் பரவுகின்றன. வெளியுலகம் என்ன சொல்கிறது என்பதும் அதே வழியில் மாஸ்கோவுக்குத் திரும்பிப் போகிறது. சதிகாரர்கள் அந்த வலையை அடைக்கவில்லை.

ஆகஸ்ட் 25. 'காம்ப்.ஓஎஸ்.மினிக்ஸ்' குழுவில் ஹெல்சின்கி பல்கலைக்கழகத்தின் 21 வயது மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் ஒரு பதிவு போடுகிறார். பொழுதுபோக்காக ஓர் இயங்குதளம் எழுதிக்கொண்டிருக்கிறேன், பெரிதாக ஒன்றும் வராது, உங்களுக்கு என்னென்ன வசதிகள் வேண்டும் என்று கேட்கிறார். அதுதான் லினக்ஸ். உங்கள் கையில் ஆண்ட்ராய்டு போன் இருந்தால், அந்தப் பதிவின் வாரிசு உங்கள் சட்டைப் பையில் இருக்கிறது.

மூன்றுமே யாரோ ஒருவர் முகம் தெரியாத பலரிடம் சொன்னவை. பதிப்பாளர் இல்லை, முதலீட்டாளர் இல்லை. கேட்டவர்கள் பதில் எழுதினார்கள், குறை சொன்னார்கள், நிரல் அனுப்பினார்கள். ரிச்சர்டு ஸ்டால்மன் 1983-ல் கட்டற்ற மென்பொருளுக்கான குனூ திட்டத்தை அறிவித்ததும், சினிமாத் தகவல்களின் களஞ்சியமான ஐ.எம்.டி.பி. 1990-ல் 'ரெக்.ஆர்ட்ஸ்.மூவீஸ்' குழுவின் பட்டியல்களிலிருந்து முளைத்ததும் இங்கேதான். ஒரே கேள்வியைப் புதியவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டால் சலித்துக்கொள்ளாமல், விடைகளைத் தொகுத்து மாதாமாதம் வெளியிடும் வழக்கமும் இங்கேதான் ஊன்றியது. இன்று எந்த நிறுவனத்தின் தளத்திலும் நாம் பார்க்கும் 'எஃப்.ஏ.க்யூ' பக்கம் அந்த வழக்கத்தின் தொடர்ச்சி.

தமிழர்களுக்கும் இந்த ஊரில் ஒரு தெரு இருந்தது. 'சோக்.கல்ச்சர்.தமிழ்' என்று பெயர். கடல் கடந்து வாழ்ந்த தமிழர்கள் அங்கே பேசினார்கள், சண்டை போட்டார்கள். ஒருங்குறி பரவாத காலம். தமிழை ஆங்கில எழுத்துகளில்தான் எழுத வேண்டும். ணகரத்துக்கும் ளகரத்துக்கும் பெரிய எழுத்து, ழகரத்துக்கு ஆளுக்கொரு வழி. திரையில் தமிழ் எழுத்து ஒன்றுகூட இல்லாமல் தமிழில் பேசிய தலைமுறை அது.

ஓய்ந்த காரணங்கள்

இந்த ஊரை ஒரே அடியில் யாரும் வீழ்த்தவில்லை. கரை பல இடங்களில் கசிந்தது.

முதல் கசிவு, வருகை. பல்கலைக்கழகங்களில் ஆண்டுதோறும் செப்டம்பரில் புதிய மாணவர்கள் சேர்வார்கள். அவர்களுக்குச் செய்திக்குழுக்கள் திறந்துவிடப்படும். தெரியாமல் எதையாவது எழுதுவார்கள், பழையவர்கள் திருத்துவார்கள், ஒரு மாதத்தில் ஊர் வழக்கம் பிடிபட்டுவிடும். 1993-94 வாக்கில், ஏ.ஓ.எல். போன்ற நிறுவனங்கள் தங்கள் வாடிக்கையாளர் அனைவருக்கும் கதவைத் திறந்தன. வருவோர் வரத்து நிற்கவே இல்லை. கற்றுக்கொடுக்க ஆள் போதவில்லை. முடியாத செப்டம்பர் என்று அதற்குப் பெயர் வைத்தார்கள். வந்தவர்கள்மேல் குற்றமில்லை. யாரும் வரலாம் என்பதுதான் அந்த ஊரின் பெருமை. வந்தவர்களை வரவேற்று உட்காரவைக்கத் திண்ணை போதாமல் போனது, அதுதான் துயரம்.

இரண்டாவது, குப்பை. 1994 ஏப்ரல் 12 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாநில வழக்கறிஞர்கள் இருவர், கிரீன் கார்டு குலுக்கலுக்கு விண்ணப்பிக்க உதவுவதாக ஒரு விளம்பரத்தை 5,000-க்கும் மேற்பட்ட குழுக்களில் போட்டார்கள். செடி வளர்ப்பவர்கள் கூடும் இடத்திலும் அதே விளம்பரம், வானியல் பேசும் இடத்திலும் அதே விளம்பரம். ஒருவர் செய்தால் நூறு பேருக்குத் துணிவு வரும். வந்தது. வருகிறவர் நல்லவர் என்ற நம்பிக்கையில் கட்டிய ஊர் அது. வாசலில் பூட்டு வைக்க யாருக்கும் தோன்றியிருக்கவில்லை.

மூன்றாவது, பாரம். எழுத்துக்காகக் கட்டிய வாய்க்காலில் படங்களையும் பாட்டையும் முழுநீளச் சினிமாக்களையும் எழுத்தாக மாற்றி அனுப்பத் தொடங்கினார்கள். 'ஆல்ட்.பைனரீஸ்' என்ற பெயரில் இயங்கிய குழுக்கள் அதற்கென்றே இருந்தன. அனுமதியில்லாப் பிரதிகள் மலிந்தன. பேச்சு ஒரு துளி, கோப்பு ஒரு கடல் என்றானது. இணைய இணைப்புத் தரும் நிறுவனங்களுக்கு ஒரு சர்வரை வைத்துப் பராமரிப்பதே பெருஞ்செலவாயிற்று.

நான்காவது, சாக்கு. 2008-ல் நியூயார்க் மாநில அட்டர்னி ஜெனரல் ஆண்ட்ரூ கியூமோ, குழந்தைகளைச் சீரழிக்கும் படங்கள் புழங்கும் குழுக்களை அகற்றும்படி இணைய நிறுவனங்களை வலியுறுத்தினார். அந்தக் குழுக்கள் ஒழிய வேண்டியவைதாம், அதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் டைம் வார்னர் கேபிள் யூஸ்நெட் சேவையை மொத்தமாக நிறுத்தியது. ஏ.டி. அண்ட் டி. 2009-ல் நிறுத்தியது. செலவைக் குறைக்க வழி தேடிக்கொண்டிருந்தவர்களுக்கு நல்ல காரணம் கிடைத்தது. ஏ.ஓ.எல். 2005-லேயே வெளியேறியிருந்தது. மைக்ரோசாஃப்ட் 2010-ல் தன் குழுக்களை மூடத் தொடங்கியது.

இணைப்பு வாங்கினால் செய்திக்குழுவும் சேர்ந்தே வரும் என்ற நிலை இப்படித்தான் மறைந்தது. புதிய தலைமுறைக்கு யூஸ்நெட் என்ற சொல்லைக் கேட்கவே வாய்ப்பில்லாமல் போனது.

141 காந்த நாடாக்கள்

கசிவுகளுக்கு நடுவே ஒரு நல்ல காரியமும் நடந்தது. டொரான்டோ பல்கலைக்கழக விலங்கியல் துறையின் கணிப்பொறிகளைப் பார்த்துக்கொண்டவர் ஹென்றி ஸ்பென்சர். வட்டில் இடமில்லாததால் எல்லா சர்வர்களும் பழைய பதிவுகளைச் சில வாரங்களில் அழித்துவிடும். ஸ்பென்சருக்கு அழிக்க மனம் வரவில்லை. 1981 முதல் 1991 வரை வந்த பதிவுகளைக் காந்த நாடாக்களில் ஏற்றி அடுக்கிவைத்தார். மொத்தம் 141 நாடாக்கள், ஏறத்தாழ 20 லட்சம் பதிவுகள். அவரை யாரும் அந்த வேலைக்கு நியமிக்கவில்லை.

பிறகு அதே கனடாவின் மேற்கு ஒன்டாரியோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த டேவிட் வைஸ்மேன் அந்த நாடாக்களைத் தன் இடத்துக்குக் கொண்டுபோனார். நண்பர்களோடு சேர்ந்து, மற்ற வேலைகளுக்கு நடுவே, ஒவ்வொரு நாடாவாக ஓடவிட்டுப் புதிய வட்டுகளுக்கு மாற்றினார். இன்று இணையத்தின் 1980-களைப் பற்றி எழுதுகிற எவரும் இவர்களுக்குக் கடன்பட்டவர்கள்.

இந்த இடத்தில்தான் ஒற்றைப் பாதையும் உருவானது. 1995-ல் டெக்ஸஸ் மாநிலம் ஆஸ்டினில் தொடங்கிய டேஜா நியூஸ், செய்திக்குழுக்களை பிரவுசரிலேயே தேடிப் படிக்கும்படி செய்தது. 2001 பிப்ரவரியில் அதன் காப்பகத்தை கூகுள் வாங்கியது. ஸ்பென்சரின் நாடாக்களும் வேறு சிலர் சேமித்தவையும் சேர, அந்த ஆண்டு டிசம்பரில் 20 ஆண்டுகளின் 70 கோடிப் பதிவுகள் ஒரே இடத்தில் தேடக் கிடைத்தன. உலகம் மகிழ்ந்தது. மகிழ வேண்டிய செயல்தான்.

ஆனால் வசதி ஒரு பழக்கத்தைத் தந்தது. தனியாக மென்பொருள் நிறுவ வேண்டாம், சர்வர் தேட வேண்டாம், பிரவுசர் போதும். மெல்ல மெல்ல, யூஸ்நெட் என்றால் கூகுள் குரூப்ஸ் என்று ஆனது. அந்த வாசல் வழியாகவே குப்பையும் பெருமளவில் உள்ளே வந்தது. கடைசியில் வாசலை வைத்திருந்தவர் சாத்தினார். உள்ளே இருந்தவர்களுக்குக் குப்பை குறைந்த நிம்மதி. வெளியே நின்றவர்களுக்கு ஊரே காணாமல் போன திகைப்பு.

இன்று எப்படிப் போவது?

வழி சுலபமானது. அரைமணி நேரம் போதும்.

*முதலில் ஒரு சர்வர்.* எட்டர்னல் செப்டம்பர் என்ற சேவை எழுத்துக் குழுக்களை இலவசமாகத் தருகிறது. முடியாத செப்டம்பரின் பெயரையே தனக்கு வைத்துக்கொண்டது அது. பதிவு செய்துகொண்டால் பயனர்பெயரும் கடவுச்சொல்லும் கிடைக்கும். கோப்புக் குழுக்கள் அங்கே கிடையாது. பேச்சுக்காகப் போகிறவர்களுக்கு அது தேவையும் இல்லை. பெர்லின் சுதந்திரப் பல்கலைக்கழகத்தில் தொடங்கிய இன்டிவிஜுவல் நெட், சிறு ஆண்டுக் கட்டணத்துக்கு இதே சேவையைத் தருகிறது. மாதக் கட்டணம் வாங்கும் பெரிய வணிக நிறுவனங்களும் உண்டு. அவை பெரும்பாலும் கோப்பு இறக்குவோருக்கானவை.

*அடுத்து ஒரு வாசிப்பு மென்பொருள்.* மின்னஞ்சலுக்கு நாம் அறிந்த தண்டர்பேர்டே போதும். அதில் செய்திக்குழுக் கணக்கு என்று ஒரு வகை உண்டு. பான், எஸ்.எல்.ஆர்.என். ஆகியவையும், இமாக்ஸ் என்ற எழுதுகருவியைப் பயன்படுத்துவோருக்கு க்னூஸும் என வேறு பலவும் இருக்கின்றன. சர்வரின் முகவரியைக் கொடுத்தால் குழுக்களின் பட்டியல் இறங்கும். வேண்டியதில் சந்தா சேர்ந்துகொள்ளலாம்.

*மூன்றாவது, கொஞ்சம் எச்சரிக்கை.* நீங்கள் எழுதுவது பல நாடுகளின் சர்வர்களில் பிரதியாகும், திரும்ப அழிப்பது இயலாத காரியம். உங்கள் மின்னஞ்சல் முகவரியை அப்படியே கொடுத்தால் குப்பை அஞ்சல் தேடி வரும். பலரும் செல்லாத முகவரியைத்தான் அந்த இடத்தில் வைக்கிறார்கள். எழுதுவதற்கு முன் சில நாள் படித்துப் பாருங்கள். தொல்லை தருபவரை நீங்களே வடிகட்டிக்கொள்ளும் 'கில்ஃபைல்' வசதி ஒவ்வொரு மென்பொருளிலும் ஏதோ ஒரு பெயரில் இருக்கும்.

*பழையதைத் தேடுவோருக்கு:* கூகுள் குரூப்ஸில் 2024 பிப்ரவரி வரையிலான பதிவுகள் உள்ளன. இன்டர்நெட் ஆர்க்கைவ் தளத்தில் செய்திக்குழுக்களின் பெருந்தொகுப்புகளை இறக்கிக்கொள்ளலாம். மென்பொருள் திட்டங்களின் அஞ்சல் குழுக்களைச் செய்திக்குழு வடிவில் படிக்க க்மேன் என்ற சர்வர் இருக்கிறது. 2020 முதல் புதிய முகவரியில் இயங்குகிறது.

உள்ளே போனால் என்ன இருக்கும்? பல தெருக்கள் வெறிச்சோடிக் கிடக்கும். நெறியாளர் இருந்து நடத்திய குழுக்களில் சில, அவர் போனபின் வாய் மூடிக் கிடக்கின்றன. ஆனால் 'காம்ப்.லாங்.சி' போன்ற குழுக்களில் இன்றும் ஒருவர் கேட்கிறார், இன்னொருவர் பொறுமையாகப் பத்தி பத்தியாகப் பதில் எழுதுகிறார். நீங்கள் எதைப் படிக்க வேண்டும் என்று எந்தக் கணக்கீடும் முடிவு செய்யாது. விளம்பரம் நடுவே குதிக்காது. எழுதிய வரிசையில், யாருக்கு யார் பதில் என்ற கிளைகளோடு, பேச்சு அப்படியே இருக்கும்.

ஏன் போக வேண்டும்?

பழைய ஊருக்குப் போவது பாசத்தால் மட்டும் இருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியம் இல்லை. நமக்கே ஒரு பாடம் இருக்கிறது. 2000-களின் தொடக்கத்தில் மரத்தடி, ராயர் காப்பி கிளப் போன்ற தமிழ்க் குழுக்கள் யாஹூ குரூப்ஸில் இயங்கின. இன்று அச்சில் நாம் படிக்கும் பலர் அங்கே எழுதிப் பழகியவர்கள். 2019 டிசம்பரில் யாஹூ தன் குழுக்களின் பழைய பதிவுகளை அழிக்கத் தொடங்கியது. 2020 டிசம்பரில் சேவையையே மூடியது. தன்னார்வலர்கள் முடிந்ததைக் காப்பாற்றினார்கள். தன் கையில் பிரதி இல்லாத குழு எதுவானாலும் அதன் பேச்சு போனதுதான். 2023 ஜூனில் ரெட்டிட் தன் கட்டண முறையை மாற்றியபோது ஆயிரக்கணக்கான குழுக்கள் எதிர்ப்புக் காட்டிக் கதவடைத்தன. முடிவை உரிமையாளரே எடுத்தார்.

யூஸ்நெட்டில் முடிவெடுக்க ஓர் உரிமையாளர் இல்லை. அதனால் அதை ஒழுங்கு செய்ய யாராலும் முடியவில்லை, அது அதன் பலவீனம். அதே காரணத்தால் அதை மூடவும் யாராலும் முடியவில்லை. இன்று மாஸ்டடான், லெம்மி போன்ற சமூக வலைகள் பல சர்வர்களைக் கோத்து அதே வழியில் நடக்க முயல்கின்றன. ஏரிக்கு ஊரார் கூடிக் கரை போடுவதைக் குடிமராமத்து என்றோம். இணையத்தின் பொது இடங்களுக்கும் அப்படியொரு மராமத்து வேண்டும். அது நம் ஒவ்வொருவர் கையிலும் ஒரு பிரதி இருப்பதில் தொடங்குகிறது. விரும்பினால் நீங்களே சர்வர் வைக்கலாம். 1990-களின் தொடக்கத்தில் ரிச் சால்ஸ் எழுதிய ஐ.என்.என். மென்பொருள் இன்றும் இலவசம். அதை நிறுவி, இன்னொரு சர்வர்காரருக்கு ஓர் அஞ்சல் எழுதி, உங்கள் ஏரிக்குக் கொஞ்சம் திருப்பிவிட முடியுமா என்று கேட்கலாம். 1980-ல் ஊர்கள் சேர்ந்ததும் அப்படிக் கேட்டுத்தான்.

2010 மே 20 அன்று டியூக் தன் சர்வரை நிறுத்தியபோது, பதிவுகள் நடுவழியில் நிற்கவில்லை. வேறு சர்வர்கள் வழியாகப் போய்ச் சேர வேண்டிய இடத்துக்குப் போயின. முப்பதாண்டுகளுக்கு முன் அதே வளாகத்தில் மாணவர்கள் அதை அப்படித்தான் கட்டியிருந்தார்கள். அன்றைய பதிவுகளின் 'பாத்' வரியில் ஒரு பெயர் குறைந்தது. உங்கள் சர்வரின் பெயர் ஏறுவதற்கு அந்த வரியில் இன்னும் இடம் இருக்கிறது.